சாப்பிடாத சோற்றுக்கு ஒரு சாட்சிக் கடிதம்

நான் பதுளையில் கார் ஓட்டப் பழக்குகிறவன். முன்னும் பின்னும் எல் போர்டு தொங்கும் ஒரு பழைய கார், என் காலடியில் உபரியாக ஒரு பிரேக், வாயில் ஒரே ஒரு வசனம்: "பதறாதீங்க." இருபது வருசமாக இந்த வசனத்தை விற்றுத்தான் அரிசி வாங்குகிறேன்.

அன்றைக்குப் பசறை ரோட்டில் ஒரு ஏற்றமான வளைவில், பள்ளிக்கூட டீச்சர் ஒருவரைக் காரை நிறுத்தி எடுக்கப் பழக்கிக்கொண்டிருந்தேன். என் போன் அடித்தது. மனைவி.

"ஒங்களுக்குப் பதிவுத் தபால் வந்துச்சு. கட்டளைக்கு வரி கட்டலயாம். ஒங்க பேரப் போட்டிருக்கு."

"எவ்வளவாம்?"

இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். வாசித்துக்கொண்டே போனாள். யாருடைய டெலிபோன் நம்பரையோ சொல்கிறாள் என்று நினைத்து, "அது யாரு நம்பரு?" என்று கேட்டேன்.

"அதுதாங்க காசு."

பிறகு நடந்தது எனக்கு முழுசாக ஞாபகமில்லை. கார் பின்னால் உருண்டதும், எங்களுக்குப் பின்னால் நின்ற பஸ் ஹோர்ன் அடித்ததும் கேட்டது. என் கால் அந்த உபரி பிரேக்கைத் தேடவே இல்லை. டீச்சர்தான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இழுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "பதறாதீங்க சேர்."

கட்டளை என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். என் பூட்டன் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கங்காணியாக இருந்தார். அந்தக் காலத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் எண்ணுகிற இடத்துக்கு, வந்து நிற்கிற ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்கு ஒரு காசு. ஆள் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்தாலும் தலை தலைதானே. அப்படித் தலை தலையாகச் சேர்த்த காசில் பூட்டன் பதுளை டவுனில் இரண்டு தட்டுக் கட்டடம் ஒன்றைக் கட்டினார். சாகப் போகிற வயசில் அவருக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. கட்டடத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் தர்மத்துக்கு எழுதி வைத்துவிட்டார். கட்டட வாடகையில், தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு மூன்று நாளும் வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போட வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளக் குடும்பத்தில் ஓர் ஆள் தர்மகர்த்தாவாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் உறுதிப் பத்திரத்தில் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் அதற்குப் பெயர் கட்டளை.

போன வருசம் வரைக்கும் தர்மகர்த்தா என் பெரியப்பா. அவர் செத்து, கருமாதி முடிந்த அன்றைக்கே அடுத்த ஆள் யார் என்ற பேச்சு வந்தது. பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, கொழும்பில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். முறைப்படி அவர்தான் வர வேண்டும். அவரோ, "எனக்கு எங்கடா நேரம்? பேச்சு சாமர்த்தியம் உள்ளவன் நீதான்" என்றார். பெரியப்பாவின் மகள்களான அக்காமார் இரண்டு பேரும் "ஆமா, தம்பிதான் பொருத்தம்" என்றார்கள். என்னைப் பொருத்தம் என்று யாரும் அதுவரை சொன்னதில்லை, என் கல்யாணத்தின்போதும்கூட.

தர்மகர்த்தாவுக்குத் திருவிழாவில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்வார்கள். மேளம் அடித்து, மாலை போட்டு, எல்லாருக்கும் முன்னால் தலையில் பட்டு. அந்தப் பட்டுத் துணிக்காகத்தான் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். கண்ணாடி கொண்டுபோகவில்லை. கொண்டுபோயிருந்தாலும் வாசித்திருக்க மாட்டேன்.

தபால் வந்த மறுநாள் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். பழைய கடிதங்கள் இருக்கிறதா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "அதெல்லாம் பத்திரமா இருக்கு" என்று சாமி படத்துக்குக் கீழே இருந்த தகரப் பெட்டியைக் காட்டினார்.

மூடியைத் திறந்தேன். முதலில் மணம் வந்தது. பழைய நெய், எலி மூத்திரம், கற்பூரம் மூன்றும் சேர்ந்த மணம். அதற்குப் பிறகு கரப்பான்கள் வந்தன, வீட்டுக்காரர்கள் மாதிரி நிதானமாக. உள்ளே கட்டுக் கட்டாகக் கடிதங்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஒவ்வொரு உறையிலும் சந்தனமும் குங்குமமும். சில உறைகளில் ஏழெட்டுப் பொட்டு. வருசா வருசம் சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு வரிக் கடிதங்களையும் வைத்துப் பொட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு உறையின் மூலையைக் கொறித்து எலி கூடு கட்டியிருந்தது. இன்னொன்றில் பல்லி முட்டை ஒட்டியிருந்தது. ஒன்றை எடுத்தபோது கீழிருந்த நாலும் சேர்ந்து வந்தன, பாகில் ஒட்டிய அதிரசம் மாதிரி. அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

"ஏன் பெரியம்மா, ஒண்ணையாவது பிரிச்சுப் பாத்திருக்கலாமே?"

"ஒங்க பெரியப்பா பிரிக்க விடமாட்டாரு. கவுருமெண்டு கடுதாசியத் தொலைக்கவும் கூடாது, அதுக்குப் பதில் போடவும் கூடாதுன்னுதான் சொல்லுவாரு. அவரோட சித்தப்பா ஒருத்தரு என்ன ஏதுன்னு தெரியாம ஒரு கடுதாசிக்குக் கைநாட்டு வச்சாரு. அடுத்த வருசம் இந்தியாவுக்குன்னு கப்பல்ல ஏத்திட்டாங்க, ராமேஸ்வரத்துல போயி எறங்குனாரு. இங்க இருந்த ஒருத்தரும் அப்புறம் அவரப் பாக்கல."

சிரிக்க முடியவில்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்தப் பயம் ரத்தத்தில் இருக்கிறது. பாஷை புரியாத கடிதம் வந்தால் பெட்டியில் போடு, பூட்டு, சும்மா இரு. யாராவது கேட்டால் எடுத்துக் காட்டு. குடியுரிமைக்கு அந்தப் பழக்கம் உதவியிருக்கலாம். வரிக்கு உதவாது. பெட்டியில் இருந்த கடிதங்கள் குட்டி போட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன: வரி, வரிக்கு வட்டி, கட்டாததற்குத் தண்டம்.

எனக்குத் தெரிந்த கணக்காளர் ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க வேலைக்காகப் பதுளைக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் குளிருக்குப் பழகி இங்கேயே தங்கிவிட்டார். வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். கடிதங்களை ஷொப்பிங் பையில் போட்டுக்கொண்டு போனேன். அவர் மேசையில் பேப்பர் விரித்தார். மூக்கைப் பொத்தினார். உள்ளே போய்க் குசினியிலிருந்து இடுக்கி ஒன்றை எடுத்து வந்து, உறைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினார்.

"தம்பி, நாப்பது வருசமா இந்த வேலை செய்யிறன். கரப்பான் பீயோட வந்த முதல் ஆள் நீங்கள்தான்."

எனக்கு வயது ஐம்பத்து மூன்று. அவருக்கு நான் தம்பி.

மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டார். கடந்த பத்து வருச வாடகைக்கும் வரி கட்டவில்லை, படிவம் அனுப்பவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்றார். கடைசிக் கடிதத்தில் ஒரு தவணை கொடுத்திருக்கிறார்கள், அதற்குள் போகாவிட்டால் அறவிடும் வேலை தொடங்கும் என்றார்.

"யாருகிட்ட அறவிடுவாங்க? சாமிகிட்டயா?"

"பகிடி விடாதேங்கோ. தர்மகர்த்தா ஆர்? நீங்கள். சட்டப்படி உங்களைத்தான் பிடிப்பினம். நீங்கள் இருக்கிற வீடு ஆருடைய பேரில?"

வீடு என் பேரிலும் மனைவி பேரிலும் இருக்கிறது. எட்டுப் பேர்ச்சஸ் காணி, மேலே தகரம் போட்ட மூன்று அறை. பூட்டன் கட்டியது சாமிக்குப் போய்விட்டதால், என் அப்பா பிறந்ததும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், செத்ததும் லயத்தில். எங்கள் கிளையில் முதல்முதலாகத் தன் பேரில் உறுதி வைத்திருக்கிறவன் நான்தான். அந்த எட்டுப் பேர்ச்சஸுக்காக ஆயிரக்கணக்கான ஆட்களுக்குக் கிளட்ச் பிடிக்கப் பழக்கியிருக்கிறேன். அதில் பாதிப் பேர் இன்னும் ஓட்டத் தெரியாமல் ரோட்டில் திரிகிறார்கள் என்பது வேறு கதை.

"தப்ப வழியே இல்லீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு வழி இருக்கு. வாடகைக் காசிலை தர்மத்துக்கு உண்மையாச் செலவழிச்ச பங்கைக் கழிக்கச் சொல்லிக் கேட்டுப் பாக்கலாம். ஆனா அத்தாட்சி வேணும். சோறு போட்டனியள் எண்டு கோயில்காரர் எழுதித் தரவேணும். பத்து வருசத்துக்கும் அப்பிடி இருந்தால், உங்கட தொகை பாதியை விடக் குறையும். வீடு தப்பும். போட்டனியள்தானே?"

"போட்டோம், போட்டோம்" என்றேன். எனக்குத் தெரியாது என்பதைவிட மோசம், எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் பெரியப்பா வீட்டிலிருந்து எல்லாருக்கும் ஓர் உறை வரும். மஞ்சள் தடவிய உறை. கட்டளைக் காசு என்று சொல்லுவோம். அண்ணனுக்கு ஒன்று, அக்காமாருக்கு ஒவ்வொன்று, எனக்கு ஒன்று. அது என்ன காசு என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் அடுத்த வருசம் வராமல் போய்விடுமே. ஒரு வருசத்து உறையில் என் காருக்கு நாலு டயரும் மாற்றினேன். சாமி பெயரைச் சொல்லித்தான் வாங்கினேன், டயர் கடைக்காரர் விலையும் குறைத்தார். அந்த டயர்களில் எத்தனை பேர் ரிவர்ஸ் பழகினார்கள். எனக்கு வாயெல்லாம் புளித்தது. வெளியில் வந்து காறித் துப்பினேன். துப்பிய பிறகும் புளிப்பு இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு பையில் இரண்டு சாரம், டூத் பிரஷ், சவர்க்காரம், பிரஷர் மாத்திரை எல்லாம் எடுத்து வைத்தேன்.

மனைவி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க பயணம்?"

"பிடிச்சிட்டுப் போனா கையில இருக்கணும்ல."

"மூஞ்சில ரெண்டு மாசமா சேவ் பண்ணல, ஜெயிலுக்குப் போறதுக்கு மட்டும் சவர்க்காரமா? அந்தப் பைய அங்க வைங்க. ஜெயில்ல ஒங்களப் போட மாட்டாங்க. வீட்டத்தான் எடுப்பாங்க. வீடு போனா நான் எங்க போறது? அதச் சொல்லுங்க."

பையை அங்கேயே வைத்தேன். மாத்திரையை மட்டும் எடுத்து ஒன்று போட்டுக்கொண்டேன்.

அண்ணனுக்குப் போன் பண்ணினேன். முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா இப்பிடிப் பதறுற? கோயில்ல ஒரு லெட்டர் எடுத்தாச் சரி. நான் தலைவருக்குப் பேசிடுறேன். அவனுங்களுக்கு மைக் செட் ஒண்ணு வேணுமாம், வாங்கிக் குடுத்துட்டாப் போச்சு."

"சோறு போடலயே அண்ணே."

"டேய், நீ என்ன திடீர்னு அரிச்சந்திரனா? நீ வாங்கலயா உறை? வாங்குனியா, இல்லையா?"

வாங்கினேன் என்றேன்.

"அப்ப வாய மூடிட்டு லெட்டர எடு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். தெமோதரையில் காரைத் திருப்பி, கல்லும் குழியுமான பாதையில் ஏறினால் எங்கள் டிவிசன். கோயில் கமிட்டித் தலைவர் என்னோடு லயத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஒரே பலகையில் உட்கார்ந்தோம், ஒரே பிரம்பில் அடி வாங்கினோம். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்று, இப்போது கோயிலையும் மரக்கறிப் பாத்தியையும் பார்க்கிறார்.

"வாங்க தர்மகர்த்தா! பரிவட்டம் எங்க? வெறுந்தலையோட வந்துட்டீங்க?"

"அடப் போடா. வெவகாரத்துல மாட்டிக்கிட்டேன்."

"தெரியும். ஒங்க அண்ணன் போன் அடிச்சாரு." உள்ளே போய்த் தடித்த கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். "மொதல்ல இதப் பாரு. பாக்காம எழுதக் கூடாது."

அது உபயக் கொப்பி. தோட்டத்துத் திருவிழாவில் யார் என்ன கொடுத்தாலும், அரைக் கிலோ சீனியானாலும், அது மைக்கில் பெயரோடு வாசிக்கப்படும். வாசித்த பிறகு கொப்பியில் ஏறும். கொடுத்தவன் செத்தாலும் கொப்பி சாகாது. தலைவர் விரலில் எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பிச் சத்தமாக வாசித்தார், மைக் இல்லாமலே மைக்கில் வாசிக்கிற குரலில்.

"கட்டளை உபயம், சூடம் ரெண்டு டப்பா." அடுத்த பக்கம். "கட்டளை உபயம், சூடம் ரெண்டு டப்பா." அடுத்தது. "கட்டளை உபயம், சூடம் ஒரு டப்பா. அந்த வருசம் சாமான் வெல கூடிருச்சுல்ல, பாவம்." இன்னொன்று. "கட்டளை உபயம் இல்லை. தர்மகர்த்தா மரியாதை வாங்கிக்கொண்டு போனார். இது நான் எழுதலப்பா, அப்ப இருந்த செக்ரட்டரி எழுதுனது. அவனுக்குக் கொஞ்சம் வாய் கூட."

"அப்ப மூணு நாளும் சோறு யாரு போட்டது?"

"யாரு போடுவா? வீட்டுக்கு இவ்வளவுன்னு சம்பளத்துல பிடிப்போம். அரிசி எங்களோடது, வெறகு எங்களோடது, வேர்வையும் எங்களோடது. சூடம் மட்டும் ஒங்களோடது."

நான் குனிந்துகொண்டேன். தலைவர் என் தோளைத் தட்டினார்.

"சரி விடு. மைக் செட்டு தாறதா ஒங்க அண்ணன் வாக்குக் குடுத்திருக்காரு. பத்து வருசமும் மூணு வேளையும் சாப்பிட்டோம்னு எழுதித் தாறோம். பொய்யி எங்களுக்கென்ன புதுசா? வயசக் கூட்டிச் சொல்லித்தான் நானே வேலைக்குச் சேந்தேன்."

அப்போது தண்ணிப் பீலியிலிருந்து குடத்தோடு ஒரு பெண் வந்தாள். கொழுந்து பறிக்கிறவள், நாற்பது வயசு இருக்கும். கறை பிடித்த விரல்கள். எங்கள் பேச்சைக் கேட்டு நின்றாள்.

"அண்ணே, அப்ப நானும் பத்து வருசமா சாப்பிட்டேனா?"

"ஆமா தங்கச்சி. நீயுந்தான்."

"எனக்கு ஞாபகமே இல்லயே! என்ன கறி?"

தலைவர் வெடித்துச் சிரித்தார். பக்கத்து வீட்டு வாசலில் பேன் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் எழுந்து வந்தார்கள். பிறகு அந்த லயமே சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தது.

"பூசணிக்கா கூட்டு."

"அட, கட்டள வீட்டுச் சோறுன்னா பூசணிக்காதானா? கத்தரிக்கா பெரட்டலு போடு."

"பாயாசம்! முந்திரிக்கா போட்ட பாயாசம்!"

"எனக்கு முந்திரிக்கா வரல. எல்லாத்தயும் இவளுக்கே ஊத்திட்டாங்க."

"நீ ரெண்டாவது பந்திக்கு வந்தா எப்பிடி வரும்?"

"வடயில உப்புக் கம்மி. அதயும் எழுதுங்க தலைவரே."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு அந்தப் பெண், போட்டதே இல்லாத இலையை மடிப்பது மாதிரி கையால் மடித்துக் காட்டி ஏப்பம் விட்டாள். நானும் சிரித்தேன். எந்தச் சபையிலும் மற்றவர்களைச் சிரிக்க வைக்கிறவன் நான். முதல் தடவையாக, சிரிக்கப்படுகிற சாமானாக நின்றேன். யாருக்கும் என் மேல் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர்கள் பசியோடும் சிரிக்கப் பழகியவர்கள். நான் அவர்கள் சோற்றில் டயர் மாற்றியவன்.

தலைவர் கடிதத்தை எழுதினார். கமிட்டி ஆட்கள் கையெழுத்துப் போட்டார்கள், கோயில் சீல் குத்தினார்கள். பூசணிக்காய்க் கூட்டும் பாயாசமும் உண்மையிலேயே கடிதத்தில் ஏறியிருந்தன. மடித்து மேல் பாக்கெட்டில் வைத்தேன். கேட்டேன், அந்தக் கொப்பிப் பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று. எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

"எடு, எடு. அதுல இருக்குறது ஒங்க பேருதானே" என்றார்.

அடுத்த நாள் கணக்காளர் முன் உட்கார்ந்தேன். கடிதத்தை வாசித்தார். புருவம் ஏறியது.

"நல்ல சாப்பாடாக் கிடக்கு. பாயாசமும் எல்லோ? உண்மையோ தம்பி?"

தலையை ஆட்டினால் போதும். கழுத்துக்கு ஒரு சின்ன வேலை, வீடு தப்பும். மனைவி கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கும். அண்ணன் "பாத்தியா?" என்பார். எல்லாரும் சுகம். தலையை ஆட்டத்தான் போனேன். தொண்டையில் ஏதோ ஏறியது. நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள், குமட்டல். வரிக் கந்தோர் ஆள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு விசாரிப்பார், அவள் "என்ன கறி?" என்று திருப்பிக் கேட்பாள் என்று ஒரு பயமும் வந்தது. எது முதலில் வந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி நாலாகக் கிழித்தேன். கிழித்த மறு நிமிசமே ஒட்டலாமா என்றுதான் யோசித்தேன்.

"சோறு போடலங்க. நாங்கதான் தின்னோம்."

போனில் இருந்த கொப்பிப் படங்களைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் பெரிசாக்கிப் பார்த்தார். கடைசியில், "சூடத்துக்குக் கழிவு கேப்பம்" என்றார். அவர் பகிடி விட்டு நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

அவரும் என்னோடு வரிக் கந்தோருக்கு வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், விலங்கு போடுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று. அங்கிருந்த அதிகாரி, என் மகள் வயசுப் பெண், "உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். எல்லாவற்றையும் கேட்டார். நெய் ஊறிய உறைகளைப் பார்த்து முகம் சுளித்தார், ஆனாலும் தொட்டார். இத்தனை வருசத்தில் கட்டளை சார்பில் வந்து உட்கார்ந்த முதல் ஆள் நான்தான் என்றார். தண்டத்தில் ஒரு பங்கைக் குறைக்கச் சொல்லி மேலே எழுதுவதாகவும், மிச்சத்தைத் தவணையில் கட்டலாம் என்றும் சொன்னார். ஆனால் முதல் தவணை பெரிசு, உடனே கட்ட வேண்டும்.

அந்தக் காசு எங்கிருந்து வரும்? கட்டளைக் கட்டடத்தை ஈடு வைக்க உறுதியில் இடமில்லை. தின்றவர்கள்தான் கக்க வேண்டும். பெரியப்பா வீட்டில் எல்லாரையும் கூட்டி, யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்று சொன்னேன். பெரிய அக்கா அழுதார். மூக்கைச் சிந்திவிட்டு, கழுத்தில் போட்டிருந்த சங்கிலியைச் சேலைக்குள் தள்ளினார். சின்ன அக்கா ஒரு சின்னத் தொகை தந்தார், தந்ததை எனக்கு மூன்று தடவை ஞாபகப்படுத்தினார். அண்ணன் கொழும்பிலிருந்து காரில் வந்து, தேத்தண்ணி குடித்து, முறுக்குச் சாப்பிட்டு, "குடும்ப மானத்த வாங்கிட்டியேடா. லெட்டர் கையில இருந்துச்சே" என்று சொல்லிவிட்டுக் காரில் போனார். ஒரு சதம் தரவில்லை. முறுக்கில் நாலைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டும் போனார். அந்தத் தாள் ஒரு வரிக் கடிதமாக இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு இப்போதும் ஆசை.

கடைசியில் என் வீட்டு உறுதிதான் போனது. பேங்கில் ஈடு வைத்தோம். மனைவியும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டாள். வழி முழுக்க என்னோடு பேசவில்லை. நான் ஏதோ பகிடி சொன்னேன். அவள் கார் ஜன்னலை ஏற்றினாள்.

மைக் செட் விசயத்தைத் தலைவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அண்ணன் கை விரித்துவிட்டார். கிழித்த கதையையும் சொன்னேன். என்னைப் பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். அந்த அளவுக்கு முட்டாள் நான்.

"ஏன்டா, நீ யோக்கியன் ஆகுறதுக்கு நாங்க மைக் செட்ட விடணுமா?"

"இல்லடா, அது பொய்தானே..."

"பொய்யி எங்களுக்கு, கையெழுத்து எங்களுக்கு. ஒனக்கு என்ன நோவுது? சரி, இந்த வருசமாவது சோறு உண்டா?"

வாடகை முழுக்க வரிக்குப் போகிறது, இன்னும் மூன்று வருசம் போகும் என்றேன்.

"அப்ப அதுக்கும் நாங்கதான் பட்டினி. நல்லா இருக்குடா ஒன் நாயம்" என்று போனை வைத்தார். பத்து வருசம் ஏமாற்றியபோது சிரித்த மனுசன், உண்மை சொன்ன அன்றைக்குத்தான் என்னைத் திட்டினார். அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க நானும் பார்க்கிறேன். இதுவரை கிடைக்கவில்லை.

இப்போது மாதம் பிறந்ததும் கட்டளைக் கட்டடத்துத் துணிக்கடைக்காரரிடமும் மேல்மாடி டியூஷன்காரரிடமும் வாடகையை நானே வாங்கி, அப்படியே கொண்டுபோய் வரிக்குக் கட்டுகிறேன். பேங்குக்குக் கட்டுவதற்கு ஞாயிற்றுக்கிழமையும் கார் பழக்குகிறேன். ரசீதுகளை ஃபைலில் வைக்கிறேன். தீபாவளிக்கு உறை வராததால் சொந்தக்காரர் எவரும் என் வீட்டுப் பக்கம் வருவதில்லை. அது ஒன்றுதான் இதில் லாபம்.

போன வாரம் மழை பிடித்துக்கொண்டது. பதுளை மழை தெரியும்தானே, தொடங்கினால் நிற்காது. கூடத்தில் சோபாவுக்கு நேர் மேலே தகரத்தில் ஒழுக்கு. மனைவி வாளியைக் கொண்டுவந்து கீழே வைத்தாள். நான் சோபாவைத் தள்ளிப் போட்டு, டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். வாளியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அவள் மேலே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"வீடு பேங்கோடதுதானே. மேனேஜருக்குப் போன் பண்ணி ஏறி அடைக்கச் சொல்லுங்க."

கிட்டத்தட்ட இரண்டு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முழு வாக்கியம் அதுதான். நான் தார்ச் சீலையையும் ஏணியையும் தேடிக்கொண்டு எழுந்தேன். மழை விடட்டும் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் ஏறினேன். கீழே அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.